போதும் என்று சொல்லப் பழகியவர்கள்

டிசம்பர் 31 இரவு பதினோரு மணிக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சபைக்குப் போனாலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்குப் புதுத்துணி உடுத்தி வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் நின்று ஜெபித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி முடித்ததும், பல சபைகளில் எல்லோருடைய ஆவலும் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையின் மேல் திரும்பும். அந்த ஆண்டுக்கு ஆண்டவர் தனக்குச் சொல்லும் வார்த்தை இதுதான் என்று எடுத்துப் பார்த்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். சிலர் பூஜ்யம் விழுந்த பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்பதும் உண்டு. பெருக்கம், உயர்வு, ஆசீர்வாதம் இவைதான் பெரும்பாலான அட்டைகளின் விஷயம். பட்டினி கிடக்கவும் தனக்குப் பழக்கம் உண்டு என்று அப்போஸ்தலர் பவுல் எழுதிய வரியை அட்டையில் அச்சடிக்க யாருக்கும் மனம் வராது.

ஆனால் கிறிஸ்தவ மரபில் மனநிறைவைப் பற்றிய பேச்சு அந்த வரியைச் சுற்றித்தான் தொடங்கியது. கடவுளை நம்புகிறவனுக்கு நிறைவு கிடைக்குமா, கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது, ஏழையிடம் போய் நிறைவைப் போதிப்பது நியாயமா என்ற கேள்விகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவற்றைத் தரம் பிரிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. சொல்கிறவர் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனித்தால் போதும். பாதி விஷயம் விளங்கிவிடும்.

பவுல் சொன்னது தன்னைப் பற்றி. பிலிப்பியருக்கு அவர் எழுதிய கடிதம் நான்கே அதிகாரம். எழுதிய இடம் சிறைச்சாலை. ரோமாபுரிச் சிறையா, செசரியாவா, எபேசுவா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிலிப்பி அவருக்குப் புது ஊரும் இல்லை. அங்கே ஒருமுறை பிரம்படி பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் சீலாவோடு பாடிக்கொண்டிருந்தவர் அவர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அந்த ஊர்ச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்குப் பண உதவி அனுப்பினார்கள். கொண்டுவந்த மனிதர் சாகிற அளவுக்கு நோயில் விழுந்து பிழைத்தார். அந்த உதவிக்கு நன்றி சொல்லும்போதுதான், வயிறார உண்ணவும் பசித்திருக்கவும் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார் பவுல்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, அந்த மனநிலை அவர் மனம் மாறிய தமஸ்கு சாலையில் ஒளியோடு சேர்ந்து வந்து இறங்கவில்லை. கற்றுக்கொண்டேன் என்கிறார், அதுவும் பல ஆண்டு அடிக்கும் அலைச்சலுக்கும் பிறகு. இன்னொன்று, அதே காலத்தில் ரோமில் இருந்த செனெக்கா போன்ற ஸ்தோயிக்கத் தத்துவவாதிகளும் நிறைவைத்தான் போதித்தார்கள். ஞானி எவரையும் எதிர்பார்க்காமல் தனக்குள்ளேயே நிறைந்திருப்பான் என்பது அவர்கள் பாடம். பவுலோ தன் பலம் கிறிஸ்துவிடமிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, நீங்கள் என் கஷ்டத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பிலிப்பியரைப் பாராட்டுகிறார். யார் தயவும் வேண்டாம் என்று மார்தட்டும் நிறைவு அவருடையது அல்ல. வாங்கிக்கொள்ள வெட்கப்படாத நிறைவு.

முந்நூறு ஆண்டு கழித்து மிலான் நகரத்தில் ஒரு காட்சி. பேச்சுக்கலைப் பேராசிரியர் அகுஸ்தீன், வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே என்ற சிற்றூரில் 354-இல் பிறந்தவர், தலைநகரில் பெரிய பதவிக்கு வந்துவிட்டார். பேரரசரைப் புகழ்ந்து சபையில் உரையாற்ற வேண்டும். அதில் பாதி பொய் என்று அவருக்கும் தெரியும், கேட்கப் போகிறவர்களுக்கும் தெரியும். படபடப்போடு நண்பர்களுடன் நடந்து போகையில் தெருவில் ஒரு பிச்சைக்காரன் குடித்துவிட்டுச் சிரித்துக் கேலி பேசிக்கொண்டு நிற்கிறான். சில காசுகளுக்கு அவன் வாங்கிவிட்ட சந்தோஷத்துக்காகத்தான் தாங்கள் இத்தனை சுற்றுவழியில் அலைகிறோம் என்று நண்பர்களிடம் அகுஸ்தீன் புலம்புகிறார். அவன் போதை ஒரு இரவில் தெளிந்துவிடும், தன் புகழ்ப் போதையோடு தான் தூங்கி எழுந்து மறுபடி தூங்கப் போகிறோம் என்ற எண்ணம் அவரை உறுத்துகிறது. 400-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய தன் வரலாற்று நூலில் இதை அவரே விவரிக்கிறார். மனித மனம் கடவுளிடம் போய்ச் சேரும்வரை அலைபாயும் என்பது அந்த நூலின் தொடக்கத்திலேயே வரும் கருத்து. பிற்காலத்தில் எத்தனையோ பிரசங்கிகள் அதை எடுத்து ஆண்டார்கள், ஆனால் அந்தப் பிச்சைக்காரனை விட்டுவிட்டார்கள். அவன் இல்லாமல் அந்தக் கருத்து காற்றில் நிற்கிறது.

எகிப்தின் பாலைவனத்துக்குப் போன துறவிகளுக்கு நிறைவு தினசரி வேலையாகவே இருந்தது. அவர்களில் எவாக்ரியுஸ் என்பவர், 399-இல் இறந்தவர், மனச்சோர்வை ஒரு பேயாக உருவகித்துக் கிட்டத்தட்ட மருத்துவர் மாதிரி குறிப்பெழுதி வைத்திருக்கிறார். காலை பத்து மணிவாக்கில் அது வரும். சூரியன் நகராததுபோல் தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதாகப் படும். துறவி ஜன்னலையே பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பான். இந்த இடம் சரியில்லை, கூட இருப்பவர்களிடம் அன்பில்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை, வேறு ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைப்பு ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனை எடுத்துப் பார்க்கும் அலுவலக ஊழியருக்கு இந்தப் பேயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

மருந்தும் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. துறவிகளின் தந்தை எனப்படும் அந்தோனியார் இதே சோர்வில் தவித்தபோது, தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து ஓலை முடைவதையும், எழுந்து ஜெபிப்பதையும், திரும்ப உட்கார்ந்து முடைவதையும் கண்டாராம். அதுவே கடவுள் அனுப்பிய பதில் என்று எடுத்துக்கொண்டு அப்படியே செய்தார் என்கிறது பாலைவனத் துறவிகளின் மொழித் தொகுப்பு. கொஞ்சம் ஜெபம், கொஞ்சம் கைவேலை, இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் செய்ததும் ஏறக்குறைய இதுதான். படைவீரராக இருந்து காலில் ஊனப்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. சமையல் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. பாத்திரங்களுக்கு நடுவே நிற்கும்போதும் ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போதும் கடவுள் அதே நெருக்கத்தில் இருப்பதாகப் பழகிக்கொள்ள அவருக்குப் பல வருஷம் பிடித்தது. 1691-இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களும் பேச்சும் தொகுக்கப்பட்டன. சின்னப் புத்தகம்தான், இன்றும் விற்கிறது.

இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் என்ற தீவிர புராட்டஸ்டண்டுகளுக்கு இந்த விஷயத்தில் தனி ஈடுபாடு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜெரமையா பரோஸ் என்ற போதகர் செய்த பிரசங்கங்கள் அவர் இறந்த பிறகு 1648-இல் புத்தகமாக வந்தன. கூட்டல் போட்டு நிறைவை அடைய முடியாது, கழித்தல் போட்டுத்தான் அடைய வேண்டும் என்பது அவர் கணக்கு. இருப்பதை ஆசையின் உயரத்துக்கு ஏற்றுவதை விட்டுவிட்டு, ஆசையை இருப்பதன் உயரத்துக்கு இறக்கச் சொன்னார்.

அதே மரபில் வந்த ஜான் பன்யனின் கதைக்குத் தமிழ் இலக்கியத்தோடு நேரடி உறவு உண்டு. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-இல் பெட்ஃபோர்டு சிறைக்குப் போனார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. சொல்லவில்லை, 12 வருஷம் உள்ளே இருந்தார். வெளியே மனைவியும் பிள்ளைகளும். அதில் மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அந்தக் குழந்தையைப் பிரிந்திருப்பது சதையை எலும்பிலிருந்து பிய்ப்பதுபோல் வலிப்பதாகத் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். சிறையில் காலணிக்கு வார்க்கயிறு செய்து விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். 1678-இல் அவருடைய மோட்சப் பயணக் கதையின் முதல் பாகம் வெளிவந்தது. 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில், தாழ்மையின் பள்ளத்தாக்கில் கந்தல் உடுத்திய ஆட்டுக்காரச் சிறுவன் ஒருவன், கீழே இருப்பவனுக்கு விழப் பயமில்லை என்ற கருத்தில் பாடிக்கொண்டிருப்பான். சிறைக்கஞ்சி குடித்த மனிதர் எழுதிய பாட்டு என்பதால் அது வாயில் ஒட்டுகிறது. அரண்மனைக் கவிஞர் எழுதியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பன்யனின் கதையைத் தழுவித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைப் பாடினார். 1894-இல் நூலாக வந்தது. பெட்ஃபோர்டின் சேற்றுப் பாதையும் பள்ளத்தாக்கும் அதில் விருத்தப்பாவாக மாறித் தமிழ் நடை நடக்கின்றன. கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த நூல். இடையிடையே அவர் வைத்த தேவாரப் பதிகங்களில் பக்தி இலக்கியத்தின் உருக்கம் அப்படியே இருக்கிறது. குலமும் உறவும் கைவிட்ட பிறகு ஒருவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்பதற்கு இறையியல் நூல்களைவிட அந்தப் பதிகங்கள் நல்ல சான்று.

பணத்தை வைத்து இந்த நிறைவைச் சோதித்துப் பார்த்தவர், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைத் தருமம் செய்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. செலவு 28, தருமம் 32. அதற்கடுத்த ஆண்டு 90, பிறகு 120. செலவு மட்டும் 28-ஐத் தாண்டவில்லை. ஒரு பிரசங்கத்தில், தன் பெயரைச் சொல்லாமல், தனக்குத் தெரிந்த ஒருவர் என்று இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். சம்பளம் ஏறினால் வாடகை வீட்டையும் வண்டியையும் உடனே மாற்றும் நமக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். வெஸ்லிக்கே வேறொரு பயம் இருந்தது. பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும், அவை வந்தால் செல்வம் சேரும், செல்வம் சேர்ந்தால் பக்தி தேய்ந்துவிடும் என்று 1786-இல் எழுதினார். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், முதலாளித்துவத்தின் மனப்பான்மையைப் பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வில் இந்தப் பகுதியை எடுத்தாண்டார். போதும் என்ற மனமே பணப்பெட்டியை நிரப்பி, கடைசியில் தன்னையே தின்றுவிடும் என்ற சிக்கலுக்கு மெதடிஸ்டுகள் கடைசிவரை விடை கண்டுபிடிக்கவில்லை.

இதுவரை பார்த்தவர்கள் தங்கள் வயிற்றையும் தங்கள் பணப்பையையும் வைத்துப் பேசியவர்கள். இன்னொரு வரலாறும் உண்டு. அதில் சொல்கிறவன் நாற்காலியில், கேட்கிறவன் தரையில்.

1807-இல் லண்டனில் ஒரு வேதப் புத்தகம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கான தேர்ந்தெடுத்த பகுதிகள் அதில் இருந்தன. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி காணோம். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரை மோசே மீட்டு வந்த கதையை வெட்டிவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகளை விட்டுவைத்தார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட சுயசரிதையில் தன் எஜமான் தாமஸ் ஆல்டைப் பற்றிச் சொல்கிறார். 1832-இல் ஒரு மெதடிஸ்டு முகாம் கூட்டத்தில் அந்த மனிதர் மனந்திரும்பினார். இனி இரக்கம் வரும் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். கொடுமை கூடியது. சிறு வயதில் தீயில் விழுந்து கைகள் முடங்கிப்போன ஒரு பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துக்கொண்டே அதற்கு ஆதாரமாக வேதவசனம் சொன்னாராம். டக்ளஸ் விசுவாசத்தைக் கைவிடவில்லை. கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, இந்த நாட்டின் மார்க்கம் வேறு என்று புத்தகத்தின் பின்னிணைப்பில் பிரித்து எழுதினார். ஓராண்டு முன்னால், 1844-இல், மதத்தை மக்களின் அபின் என்று கார்ல் மார்க்ஸ் எழுதியது எல்லோருக்கும் தெரியும். அதே பத்தியில் மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் அவர் சொன்னதை மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. எழுத்தாளர் பாமா ஏழு ஆண்டு கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். 1992-இல் வந்த அவருடைய ‘கருக்கு’, ஏழைகளுக்குச் சேவை செய்யும் கனவோடு உள்ளே போன ஒரு தலித் பெண், வறுமை விரதம் எடுத்த மடத்தின் வசதிகளையும், அங்கே சாதி பார்க்கும் கண்களையும் நேரில் பார்த்ததைச் சொல்கிறது. பொறுமையையும் தாழ்மையையும் பற்றிய போதனை எல்லாப் பக்கமும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பது அதை வாசிக்கிறவருக்கு உறைக்கும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் எத்தனையோ போராட்டங்களைக் கண்டது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவ தலித்துகளுக்குத் திறக்கவில்லை. இந்த மக்களைப் பார்த்து உள்ளதே போதும் என்றிருங்கள் என்று யாராவது பிரசங்கித்தால், மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு அது. மார்ட்டின் லூதர் கிங் தன் உரைகளில் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறார்: நிறவெறியோடு ஒத்துப்போக மறுக்கும் மனிதனாக இருப்பதே தனக்குப் பெருமை என்றார். 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதமும், பொறுத்திருங்கள் என்று அறிவுரை சொன்ன போதகர்களுக்கான மறுப்புதான். பவுலைப் போலவே சிறையிலிருந்து எழுதியவர், பவுலின் பெயரையும் அதில் துணைக்கு அழைக்கிறார். சொந்தப் பசியைத் தாங்கிக்கொள்வதும் அடுத்தவர் பசியைச் சகித்துக்கொள்வதும் ஒரே குணம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏழைக்குப் பொறுமை போதித்த அந்தப் பழைய அநியாயத்துக்கு எதிர்வினைபோல் முளைத்தது செழிப்பு உபதேசம். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ், கென்னத் ஹேகின் போன்றவர்கள் வளர்த்து, தொலைக்காட்சி வழியாக நைஜீரியா, கொரியா, பிரேசில், தமிழ்நாடு என்று பரவியது. விசுவாசம் சரியாக இருந்தால் உடம்பும் பாங்க் கணக்கும் சரியாக இருக்கும் என்பது அதன் சாரம். தாழ்த்தப்பட்டவனிடம் நீ தலையாவாய் என்று சொல்லும்போது அதில் ஒரு விடுதலை இருப்பதை மறுக்க முடியாது. நகர்ப்புறச் சேரிகளில் அந்தக் கூட்டங்கள் நிரம்பி வழிவதற்குக் காரணமும் அதுதான். மேல்நடுத்தர வர்க்க விமர்சகர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வராத ஆசீர்வாதத்துக்குக் கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதில்தான் கோளாறு. குணமாகவில்லையா, விசுவாசம் போதாது. கடன் தீரவில்லையா, காணிக்கை போதாது.

இந்த இயக்கத்தின் வரலாற்றை ஆராய்ந்து 2013-இல் புத்தகம் எழுதியவர் டியூக் பல்கலைக்கழகத்தின் கேட் பௌலர். 2015-இல், 35 வயதில், சிறு குழந்தை இருக்கும்போது, அவருக்குப் பெருங்குடலில் நான்காம் நிலைப் புற்றுநோய் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் பேட்டி கண்டு எழுதிய மனிதர்களின் நம்பிக்கை தனக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியிருந்ததை, ஒழுங்காக வாழ்ந்தால் வாழ்க்கை கைவிடாது என்ற கணக்கு தன் மனதிலும் ஓடியதை, அப்போதுதான் கண்டுகொண்டார். எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி 2018-இல் அவர் எழுதிய புத்தகம் சிரிப்பும் கோபமுமாகப் போகும். படுக்கையில் கிடந்த நாட்களில் வெறுப்புக்குப் பதிலாக, தன்னைச் சுற்றி ஜெபித்தவர்களின் அன்பு தன்னைத் தாங்கியதை உணர்ந்ததாகவும் அதில் சொல்கிறார். அந்த உணர்வு மெல்ல வடிந்துபோனதையும் சேர்த்தே சொல்கிறார். சாட்சி சொல்லும் மேடைகளில் இந்தப் பின்பாதி வருவதில்லை.

நம்பியும் நிம்மதி கிடைக்காதவர்கள் உண்டா? நிறைய. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வில்லியம் கூப்பர், போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து 1779-இல் வெளியிட்ட ஓல்னிப் பாட்டுத் தொகுப்பு உலகச் சபைகளையெல்லாம் பாட வைத்தது. அவரோ 1773 முதல் சாகும்வரை கடவுள் தன்னைத் தள்ளிவிட்டதாகவே நம்பினார்; பலமுறை தற்கொலைக்கு முயன்றார். பக்தி குறைவு என்று அவரைச் சொல்ல எந்தப் போதகருக்கும் யோக்கியதை இல்லை. அது நோய். அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் அவர் இறந்து பத்தாண்டு கழித்து 2007-இல் வெளியானபோது உலகம் திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, ஜெபத்தில் கடவுளின் இருப்பையே உணராத இருட்டில் இருந்ததாக அவர் தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். அதிகாலையில் எழுந்து கல்கத்தாத் தெருவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

சிக்காகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். 1873 நவம்பரில் கப்பல் விபத்தில் நான்கு மகள்களை இழந்து, மனைவி மட்டும் பிழைத்தார் என்ற தந்தி வந்து, கடலைக் கடந்து போகும் வழியில் ஆத்துமாவின் அமைதியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பிரசங்கம் அங்கே முடியும். வாழ்க்கை அங்கே முடியவில்லை. பிறகு பிறந்த மகனும் காய்ச்சலில் இறந்தான். துக்கத்துக்குக் காரணம் தேடிய சபையாரோடு மனஸ்தாபம் வந்தது. 1881-இல் கணவனும் மனைவியும் சில நண்பர்களோடு எருசலேமில் குடியேறி, அமெரிக்கன் காலனி என்ற கூட்டுக்குடும்பத்தை அமைத்தார்கள். அவர் 1888-இல் மலேரியாவில் இறந்தார். முதல் உலகப் போரின் பஞ்சத்தில் அந்தக் காலனிதான் மதம் பார்க்காமல் எருசலேம் மக்களுக்குக் கஞ்சித் தொட்டி நடத்தியது. பாட்டைவிட அந்தக் கஞ்சித் தொட்டி நம்பகமான சாட்சி.

நெல்லைச் சீமையில் எமி கார்மைக்கேலைத் தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அம்மாவானவர். 1931 அக்டோபரில் களக்காட்டில், மருத்துவ வேலைக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, தவறான இடத்தில் தோண்டியிருந்த குழியில் இருட்டில் விழுந்தார். கால் முறிந்தது. சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறைதான், அந்தப் படுக்கைதான். அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளிகளுக்காக எழுதியது. நோயாளிகளுக்கென்று வரும் ஆறுதல் புத்தகங்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் எழுதியவை, அவை படுத்திருப்பவனுக்கு உதவுவதில்லை என்று அலுத்துக்கொண்டு, வலி இருக்கும்போதே எழுதினார். அமைதி தனக்கு ஏற்புடைமையிலிருந்து வருகிறது, மறதியிலிருந்தோ ஓயாத வேலையிலிருந்தோ வரவில்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. பவுல் சொன்னதற்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிட நெருக்கமான உரை கிடைப்பது அரிது.

கணக்கெடுக்கிற விஞ்ஞானிகளும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி அமெரிக்காவில் ஆராதனைக்கு ஒழுங்காகப் போகிறவர்களில் 36 சதவீதம் பேர் தாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். மதமே இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 25 சதவீதம். சுவாரஸ்யம் அடுத்த எண்ணில் இருக்கிறது. மதத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஆராதனைக்கு அதிகம் போகாதவர்களிலும் அதே 25 சதவீதம்தான். பெயரளவு விசுவாசம் மகிழ்ச்சிக் கணக்கில் சேரவில்லை. உளவியலாளர் எட் டீனரும் அவர் சகாக்களும் 2011-இல் 154 நாடுகளின் தரவுகளைப் பார்த்தபோது, வாழ்க்கை கடினமான நாடுகளில் மதநம்பிக்கை உள்ளவர்கள் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். வசதியான, பாதுகாப்பான நாடுகளில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இன்னும் நுணுக்கமான ஆய்வு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010-இல் வெளியிட்டது. வாராவாரம் ஆராதனைக்குப் போய், அதே சபையில் மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்கள் உள்ளவர்களில் 33 சதவீதம் பேர் வாழ்க்கையில் மிக மிகத் திருப்தி என்றார்கள். அதேபோல வாராவாரம் போயும் சபையில் நண்பர் ஒருவர்கூட இல்லாதவர்களில் 19 சதவீதம். ஆலயப் பக்கமே போகாதவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தனியாக ஜெபிப்பதோ, கடவுளின் அன்பை உணர்வதோ இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை என்றார்கள் அவர்கள். இது அமெரிக்கக் கணக்கு. சந்தோஷமானவர்களுக்கு நண்பர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள் என்ற மறுபக்கமும் இருக்கலாம். என்றாலும் சகோதரர் லாரன்ஸின் மடத்தையும், பௌலரின் மருத்துவமனைப் படுக்கையைச் சுற்றி நின்றவர்களையும், பிலிப்பியிலிருந்து பணம் சுமந்து வந்து நோயில் விழுந்த எப்பாப்பிரோதீத்துவையும் நினைத்தால் அந்த எண்கள் ஆச்சரியம் தரவில்லை.

தென்மாவட்டச் சபைகளுக்கு இதைப் புட்னம் வந்து சொல்ல வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழைத்தார், முருங்கைக்காய், சேவல், யாரோ ஒரு பாட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்த நாலு முட்டை எல்லாம் ஆலயத்து வாசலில் ஏலத்துக்கு வரும். சந்தையில் சில ரூபாய் பெறும் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு மாமன் மச்சான்கள் போட்டி போட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கில் ஏற்றிவிடுவார்கள். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. அசனப் பண்டிகையன்று ஊரே ஒரே குழம்பைச் சாப்பிடும். மிசோரம் சபைகளில் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசி வழக்கமும் இதே ரகம்: உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பார்கள். இல்லாதவளும் கொடுக்கிறவளாக ஆகிவிடுகிறாள். இந்த வழக்கங்களிலும் வீம்பு உண்டு, சாதிக் கணக்கு உண்டு, கமிட்டித் தேர்தல் பகை உண்டு. சேகரக் கூட்டத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தவர்கள் அடுத்த வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுவதும் உண்டு.

2020-இல் கொரோனா ஊரடங்கில் ஆலயங்கள் பூட்டியிருந்தபோது ஆராதனை கைப்பேசிக்குள் வந்தது. பலருக்கு அது அங்கேயே தங்கிவிட்டது. விடியற்காலையில் ஒரு யூடியூப் போதகர், காலை நடையில் இன்னொருவர், இரவு தூங்குமுன் வாட்ஸாப்பில் வாக்குத்தத்தம் என்று முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பிரசங்கம் கேட்கும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் ஊர் விட்டு வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போதகருக்கு இவர்கள் பெயர் தெரியாது. ஒரு வாரம் வராவிட்டால், என்ன ஆச்சு என்று வீட்டுக்கு வந்து விசாரிக்க அங்கே ஆள் இல்லை. பிணக்குப் போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை. இந்தப் புதிய விசுவாசிகளிடம் லிம்மும் புட்னமும் கேட்ட கேள்வியைத் தமிழ்நாட்டில் யாராவது கேட்டுப் பார்த்தால், ஏலத்தில் எலுமிச்சம்பழம் எடுத்தவர்களின் பதிலும் இவர்களின் பதிலும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பது தெரியவரும்.